வாய் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது: ஒரு கண்ட்ரி குரல்குழுவின் பழைய வீடியோக்களை மீட்டபோது நடந்தவை

பின்னணி

அமெரிக்கத் தென்பகுதியின் நாட்டுப்புற மரபில் பிறந்த கண்ட்ரி இசையைப் பாடும் ஒரு குரல்குழு 1983 முதல் 2014 வரை வெளியிட்ட 17 மியூசிக் வீடியோக்களைப் பழைய டேப்புகளிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றிய வேலையின் பதிவு இது. இடம் அமெரிக்காவின் நாஷ்வில். வேலை 2022 ஜனவரியில் தொடங்கி 2023 கோடையில் ஓரளவுக்கு முடிந்தது. குழுவின் பெயரும் பாடல்களின் பெயர்களும் இதில் இல்லை. சம்பந்தப்பட்டவர்களில் மூவர் இன்னும் மேடையேறுகிறார்கள். டேப் மாற்றும் வேலையைச் செய்தது மூன்று பேர் கொண்ட எங்கள் சிறு கூடம். தவறில் பெரும்பங்கு எங்களுடையது.

குரல்குழு என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. நான்கு ஆண்கள், நான்கு குரல்கள்: மேலே டெனர், பாட்டை நடத்திச் செல்லும் லீட், நடுவில் பாரிடோன், அடியில் பேஸ். அமெரிக்கத் தென்மாநிலங்களின் தேவாலயப் பாட்டிலிருந்து வந்த அமைப்பு இது. ஓக் ரிட்ஜ் பாய்ஸ் குழு அந்த வழியாகத்தான் 1970-களின் நடுவில் கண்ட்ரி இசைக்கு வந்தது. 1981-இல் அவர்களுக்குப் பெரும்புகழ் தந்த ‘எல்வைரா’ பாட்டில் கேட்பவர் மனதில் நிற்பது பேஸ் பாடகர் ரிச்சர்ட் ஸ்டெர்பன் அடித்தொண்டையில் இறக்கும் அந்த ஒரு வரிதான். வர்ஜீனியாவின் ஸ்டான்டன் ஊரைச் சேர்ந்த ஸ்டாட்லர் பிரதர்ஸும் அதே அச்சு. எங்களிடம் வந்த குழு இவர்கள் அளவுக்குப் பெரியது இல்லை; ஆனால் பாதை அதே பாதை.

இத்தகைய குழுவில் பெரும்பாலும் யார் கையிலும் கருவி இருக்காது. நான்கு பேர் வரிசையாக நின்று பாடுவதை மூன்று நிமிடம் எப்படிப் படம் பிடிப்பது? 80-களின் இயக்குநர்கள் கண்ட வழி எளிமையானது: யார் குரல் மேலே வருகிறதோ அவர் முகத்துக்குக் கேமரா போகும். பேஸ் இறங்கும் இடத்தில் பேஸ் பாடகரின் தாடை திரையை நிறைக்கும். டெனர் மேலேறும்போது அவர் புருவம் ஏறுவது தெரியும். எந்தக் குரல் யாருடையது என்று ரசிகர்கள் கற்றுக்கொண்டதே இந்த அண்மைக் காட்சிகளில்தான்.

இன்னொரு பின்னணியும் உண்டு. எம்.டி.வி. 1981 ஆகஸ்டில் தொடங்கியது. கண்ட்ரி இசைக்கான இரண்டு அலைவரிசைகள் 1983 மார்ச்சில் இரண்டு நாள் இடைவெளியில் வந்தன: 5-ஆம் தேதி இன்று சி.எம்.டி. எனப்படுவது, 7-ஆம் தேதி டி.என்.என். அதற்கு முன் பாட்டு மட்டும் போதும் என்றிருந்த குழுக்கள் திடீரென வீடியோ எடுக்கத் தொடங்கின. அதே ஆண்டுகளில்தான் பழைய குழுக்களில் ஆள்மாற்றமும் நடந்தது. ஸ்டாட்லர் பிரதர்ஸில் லூ டெவிட் 1982-இல் உடல்நலக் குறைவால் விலக, ஜிம்மி ஃபார்ச்சூன் வந்தார். ஓக் ரிட்ஜ் பாய்ஸில் 1987-இல் வில்லியம் லீ கோல்டன் வெளியேறி ஸ்டீவ் சாண்டர்ஸ் வந்தார். 90-களின் நடுவில் கோல்டன் திரும்பி வந்தார். எங்கள் குழுவில் மாறியது டெனர். முதல் டெனர் 1989 இலையுதிர் காலத்தில் தொண்டைக் கோளாறால் விலகினார், 2009-இல் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்தவர் இன்றும் பாடுகிறார்.

கிடங்கில் கிடந்தவை

2022 ஜனவரியில் குழுவின் அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். குழுவின் ஐம்பதாம் ஆண்டுச் சுற்றுப்பயணம் ஏப்ரலில் தொடங்க இருந்தது. அதற்குள் பழைய வீடியோக்களை யூடியூபில் குழுவின் சொந்த சேனலில் ஏற்ற வேண்டும் என்றார். எட்டு வாரம் இருந்தது.

அட்டைப் பெட்டிகளில் வந்தவை: முக்கால் அங்குல யு-மேட்டிக் கேசட்டுகள், ஒரு அங்குல சி வகை ரீல்கள் ஐந்து, பீட்டாகேம் எஸ்.பி., டிஜிட்டல் பீட்டாகேம், கடைசியில் சில எச்.டி. டேப்புகள். முப்பது ஆண்டு வீடியோத் தொழில்நுட்ப வரலாறு ஒரே மேசையில். லேபிள்களில் பாதி கைஎழுத்து. சிலவற்றில் ‘மாஸ்டர்’, சிலவற்றில் ‘நகல்’, பலவற்றில் பாட்டின் பெயர் மட்டும். ஒரே பாட்டுக்கு மூன்று டேப் இருந்தால் எது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. அலைவரிசைக்கு அனுப்பிய நகலின் நகல், அசல் மாஸ்டரைவிட அழகான பெட்டியில் இருக்கும், அது வழக்கம்.

80-களின் வீடியோக்கள் பெரும்பாலும் 16 அல்லது 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. ஆனால் எடிட்டிங் நடந்தது டேப்பில். ஃபிலிமை வீடியோவாக மாற்றி, வெட்டி ஒட்டி, எழுத்துப் போட்டு, எல்லாம் முடிந்த வடிவம் டேப்பில் மட்டுமே இருக்கிறது. ஃபிலிமில் எவ்வளவு துல்லியம் இருந்திருந்தாலும் அது அமெரிக்கத் தொலைக்காட்சிப் படத்தின் 525 கிடைவரிகளுக்குள் அடைபட்டுவிட்டது. அதில் படத்துக்கென்று இருப்பது 480 வரி சொச்சம். எடுத்த ஃபிலிமின் நெகட்டிவ் கிடைத்தால் ஒழிய உண்மையான எச்.டி. கிடையாது. இதை அந்த இளைஞரிடம் முதல் நாளே சொன்னோம். சொன்னோமே தவிர, அழுத்திச் சொல்லவில்லை.

முதல் முடிவு

அலுவலகம் கேட்டது இரண்டு: படம் அகலத்திரையை நிறைக்க வேண்டும், 4கே என்று போட வேண்டும். வேறொரு குழுவின் பழைய வீடியோ அப்படி வந்திருப்பதைக் காட்டினார்கள்; பார்க்கப் பளபளவென்று இருந்தது.

பழைய தொலைக்காட்சியின் 4:3 படத்தை அகலத்திரையின் 16:9 ஆக்க இரண்டு வழி உண்டு. பக்கவாட்டில் கறுப்புப் பட்டை விடலாம், அல்லது மேலும் கீழும் வெட்டலாம். வெட்டினால் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு போய்விடும். கண்ட்ரி பாடகர்களை வெட்டினால் முதலில் போவது தொப்பி. தொப்பி போகாமல் காப்பாற்றினால் கீழே கையும் இடுப்புப் பட்டையும் போகும். ஒவ்வொரு ஷாட்டையும் மேலும் கீழும் நகர்த்திச் சமாளித்தோம். இதற்கே மூன்று வாரம் போயிற்று என்பது இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளைப் பயன்படுத்தினோம். இல்லாத விவரத்தை அது ஊகித்து வரைகிறது. மரப்பலகை, டெனிம் சட்டை, குதிரை வாலில் அது அற்புதம். தொலைவில் நான்கு பேர் நிற்கும் ஷாட்டில் ஒரு முகத்துக்கு இருப்பது இருபது முப்பது வரிதான். அங்கே மென்பொருள் தான் கற்ற ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து ஒரு சராசரி முகத்தைக் கொண்டுவந்து வைத்துவிடும். நாங்கள் அதைக் கவனித்தோம். சேர்த்துப் பார்க்கும்போது மோசமாகத் தெரியவில்லை என்று விட்டுவிட்டோம்.

ஒலியைப் பொறுத்தவரை, முதலில் எடுத்துக்கொண்ட ஆறு பாடல்களில் நான்குக்கு அலுவலகமே ‘ரீமாஸ்டர்’ (பழைய பதிவையே மெருகேற்றியது) என்று பெயரிட்ட கோப்புகளைத் தந்தது. டேப்பின் ஒலியில் இரைச்சல் இருந்தது; கோப்பில் இல்லை. மாற்றிப் பொருத்தினோம். மற்ற இரண்டுக்குக் கோப்பு இல்லாததால் டேப்பில் இருந்த ஒலியையே சுத்தம் செய்து வைத்தோம்.

பொருந்தாத ஒன்றரை வினாடி

இந்தக் கட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இங்கே ஒரு கை நின்றிருந்தால் மீதி எதுவும் நடந்திருக்காது.

ஃபிலிம் வினாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடும். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு மாற்றும்போது அது 23.976 ஆகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு வேகக் குறைவு. ஆகவே ஆல்பத்தின் ஒலியும் வீடியோவும் கொஞ்சம் விலகுவது இயல்பு. எவ்வளவு? மூன்று நிமிடப் பாட்டில் 180 வினாடி. ஆயிரத்தில் ஒன்று என்றால் 0.18 வினாடி. காதுக்குக் கடைசி வரியில் லேசாகத் தெரியும்.

1985 வீடியோ ஒன்றில் அலுவலகத்தின் கோப்பைப் பொருத்தினால், தொடக்கம் சரியாக உட்கார்ந்தது. முடிவில் ஒன்றரை வினாடி விலகியது. இயல்பாக வரக்கூடியதைப் போல எட்டு மடங்குக்கும் மேல். அதைவிட முக்கியமானது, விலகல் சீராக இல்லை. முதல் சரணம் வரை பொருந்தி, இரண்டாம் பல்லவியில் ஓடி, இசைமட்டும் வரும் இடத்தில் திரும்பவும் ஏறக்குறைய ஒன்றி, பின் மறுபடி ஓடியது. டேப் பிளேயரின் வேகக் கோளாறு என்றால் அப்படி வராது. ஒரே பதிவின் இரண்டு பிரதிகள் அப்படிப் பிரிந்து சேராது. அது இன்னொரு நாள், இன்னொரு அறையில், இன்னொரு மேளக்காரர் அடித்த தாளம்.

நாங்கள் செய்தது: ஒலியை மூன்று இடத்தில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் நீட்டிச் சுருக்கி, உதட்டோடு ஒட்டினோம். வேலை நேர்த்தியாக இருந்தது. அதைச் செய்தவன் நான்தான். அன்றைய குறிப்பேட்டில் ‘டேப் வேகம் நிலையில்லை, சரிசெய்யப்பட்டது’ என்று எழுதியிருக்கிறேன். அளந்து பார்த்து எழுதியதல்ல. அவசரத்தில் கைக்கு வந்த காரணம் அது.

இன்னோர் அறிகுறியும் இருந்தது. பாட்டை ஏற்றியதும் யூடியூபின் தானியங்கி உரிமைச் சோதனை பழைய இசை நிறுவனத்தின் சார்பில் ஏதாவது கோரிக்கை எழுப்பும் என்று எதிர்பார்த்தோம். டேப் ஒலி வைத்த இரண்டு பாட்டுக்கும் உடனே வந்தது. கோப்பு வைத்த நான்குக்கும் வரவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டோம்.

இரண்டு அழைப்புகள்

ஆறு வீடியோக்களும் 2022 மார்ச் கடைசியில் வெளியாயின. அலுவலகத்துக்கு மகிழ்ச்சி.

ஏப்ரல் முதல் வாரத்தில் மறைந்த டெனரின் மனைவி எங்களை அழைத்தார். அவருக்கு எண்பதை ஒட்டிய வயது. குரலில் கோபம் இல்லை, தயக்கம்தான் இருந்தது. “அந்த மூக்கு அவருடையது இல்லை” என்றார். எந்த இடத்தில் என்று கேட்டோம். தானியக் கிடங்கின் வாசலில் நால்வரும் நிற்கும் இடம். போய்ப் பார்த்தோம். உண்மைதான். சிறு வயதில் குதிரையிலிருந்து விழுந்து உடைந்து வளைந்த மூக்கு அவருக்கு. மென்பொருள் அதை நேராக்கிவிட்டிருந்தது.

அந்த அழைப்பில் அவர் இன்னொன்றும் சொன்னார்: “பாட்டும் ஏதோ போல இருக்கிறது.” அழைப்பை எடுத்த எங்கள் சக ஊழியர் முகத்தைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டார். இழப்பின் துயரத்தில் இருப்பவர்களுக்குப் பழைய பாட்டு வேறு மாதிரிக் கேட்பது உண்டு என்று அவரே ஒரு விளக்கமும் வைத்துக்கொண்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. நான் எடுத்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

பத்து நாள் கழித்துப் பேஸ் பாடகர் நேரில் வந்தார். பயணப் பேருந்தில் யாரோ கைபேசியில் போட்டுக்காட்டியிருக்கிறார்கள். அந்தச் சிறு ஸ்பீக்கரில், பேருந்தின் இரைச்சலில், இரண்டாவது வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. “வாய் அவனுடையது. குரல் இவனுடையது” என்றார். இவன் என்று அவர் சொன்னது இப்போதைய டெனரை.

விஷயம் இதுதான். 1997-இல் குழு தன் பழைய வெற்றிப் பாடல்களைப் புதிய டெனரோடு மறுபடி பதிவு செய்திருக்கிறது. கண்ட்ரி இசையில் இது சாதாரணம். அசல் ஒலிப்பதிவு இசை நிறுவனத்துக்குச் சொந்தம். பாட்டு வெளிவந்து 5 ஆண்டு அல்லது ஒப்பந்தம் முடிந்து 2 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை மறுபதிவு கூடாது என்று ஒப்பந்தத்தில் போடுவது அந்நாளைய வழக்கம். கெடு முடிந்ததும் பாடகர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே மறுபடி பாடிப் பதிவு செய்து, தங்கள் பெயரில் விற்பார்கள். பழையதைப் போலவே ஒலிக்க வேண்டும் என்பதற்காக அதே இசையமைப்பு, முடிந்தால் அதே வாசிப்பாளர்கள். இந்தக் குழு புதிய டெனரைத் தேர்ந்தெடுத்ததே குரல் ஒத்திருந்தது என்பதற்காகத்தான். ஆகவே காது ஏமாந்ததில் வியப்பில்லை. அலுவலகத்துப் பெட்டியில் இந்த 1997 பதிவுகளின் புதுப் பிரதிக்குத்தான் ‘ரீமாஸ்டர்’ என்று பெயர். அந்த இளைஞர் 1997-இல் பிறந்திருக்கவே மாட்டார். அவர் பொய் சொல்லவில்லை.

ஆக, நான்கு வீடியோக்களில், இறந்துபோன ஒருவரின் உதடுகளுக்குள் அவருக்குப் பதிலாக வந்தவரின் குரலை வைத்து, அது பொருந்தும்படி நீட்டிச் சுருக்கி, அவர் மூக்கையும் நேராக்கியிருக்கிறோம்.

இறக்கிவிடும் முடிவு

அன்று மாலையே அலுவலகத்தோடு பேசினோம். யூடியூபில் ஏற்றிய வீடியோவின் கோப்பை மட்டும் மாற்ற வழியில்லை. நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். அதுவரை சேர்ந்த பார்வை எண்ணிக்கை போய்விடும். சுற்றுப்பயணம் நடந்துகொண்டிருந்தது. இந்தப் பயணம் முடியும்வரை அப்படியே இருக்கட்டும், கீழே ஒரு குறிப்புப் போடலாம் என்றது அலுவலகம். வியாபாரக் கணக்கில் அது நியாயமான யோசனைதான்.

நாங்கள் உடனே இறக்க வேண்டும் என்றோம். காரணங்கள் இரண்டு. டெனரின் மனைவி ஏற்கெனவே பார்த்துவிட்டார். அவர் சொன்னது சரி என்று தெரிந்தபின் ஒரு நாள்கூட வைத்திருப்பதை அவரிடம் விளக்க முடியாது. இரண்டாவது, சேனல் குழுவின் அதிகாரபூர்வ சேனல். இன்னும் இருபது ஆண்டு கழித்து யாராவது இந்தக் குழுவின் குரல்களைப் பற்றி எழுத வந்தால் இதையே சான்றாக எடுப்பார்கள்.

தீர்த்துவைத்தது எங்கள் வாதம் இல்லை. இப்போதைய டெனர் தொலைபேசியில் சேர்ந்தார். நான்கு வீடியோக்களையும் அவர் அதற்குமுன் பார்த்திருக்கவில்லை. ஒன்றைப் பார்த்துவிட்டு, “எடுத்துவிடுங்கள்” என்று மட்டும் சொன்னார். டேப் ஒலி வைத்திருந்த மற்ற இரண்டும் முகங்களுக்காக அவற்றோடு சேர்ந்து இறங்கின.

இறக்கிய அன்றே டெனரின் மனைவியை நான் அழைத்தேன். முகத்தைப் பற்றி அவர் சொன்னதும் சரி, பாட்டைப் பற்றிச் சொன்னதும் சரி என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று நினைத்தேன்” என்றார்.

மறுபடி முதலிலிருந்து

இரண்டாம் முறை கெடு இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் இருக்கும் எல்லா டேப்புகளையும் அடுக்கி, முந்திய தலைமுறை எது என்று பார்த்தோம். தலைப்பில் வரும் வண்ணப்பட்டை, ஸ்லேட் எனும் தகவல் பலகையில் எழுதிய தேதி, நகல் எடுத்த ஒவ்வொரு முறையும் நிறம் விளிம்பில் கசிவது ஆகியவை உதவின. ஐந்து சி வகை ரீல்களில் நான்கு அசல் மாஸ்டர்கள். ஒலி இரட்டைத் தடத்தில் சுத்தமாக இருந்தது. முதல் முறை நாங்கள் அந்த ரீல்களைத் தொடவே இல்லை. அவற்றை ஓட்டும் இயந்திரம் வேறோர் இடத்தில் இருந்தது, வாடகை அதிகம், நேரமில்லை.

ஒரு யு-மேட்டிக் கேசட் ஓடும்போதே கிறீச்சிட்டது. காந்தத்தூளைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாவதால் வருவது அது. 50 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல், மணிக்கணக்கில் வாட்டினால் தற்காலிகமாகச் சரியாகும். வாட்டினோம். அப்படியும் பாதிக்குமேல் படம் நிற்கவில்லை. அந்த வீடியோவின் வேறு பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை.

படத்தை 4:3 ஆகவே விட்டோம், பக்கவாட்டில் கறுப்பு. முகம் வரையும் மென்பொருள் கிடையாது. சாதாரண முறையில் படத்தின் கிடைவரிகளைச் சேர்த்து எடுத்ததோடு சரி. ஃபிலிமின் 24 சட்டத்துக்குத் திரும்பப் போகலாமா என்று முயன்றோம். டேப்பில் எடிட் செய்ததால் ஒவ்வொரு வெட்டிலும் சட்டங்களின் வரிசை உடைந்திருக்கிறது; தானாகச் செய்யும் கருவி வெட்டுக்கு வெட்டு தடுமாறியது. ஒன்றைக் கையால் செய்து பார்த்து, மீதியை விட்டோம்.

1992 வீடியோ ஒன்றுக்கு மட்டும் 16 மி.மீ. நெகட்டிவ், இயக்குநரின் வீட்டுக் கார் கொட்டகையில் கிடைத்தது. அதை ஸ்கேன் செய்து, டேப்பை வழிகாட்டியாக வைத்து வெட்டுக்கு வெட்டு மறுபடி எடிட் செய்தோம். இரண்டு மாதம். அந்த ஒன்று உண்மையிலேயே எச்.டி. பேஸ் பாடகரின் சட்டையில் பொத்தான் ஒன்று இல்லாதது முப்பது ஆண்டு கழித்து முதல்முறையாகத் தெரிந்தது. அவர் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவே இல்லை.

1990 வீடியோ

இந்த முறை ஒவ்வொரு வீடியோவையும் குழுவின் மூத்த இருவரோடு உட்கார்ந்து பார்த்தோம். ஒரு தாளில் இரண்டு பத்தி: திரையில் யார், ஒலியில் யார். வெறும் சரிபார்ப்பு என்றுதான் நினைத்தோம்.

1990-இல் வந்த வீடியோவில் டெனர் இடத்தில் நிற்பவர் புதியவர். டேப்பின் அசல் ஒலியைப் போட்டோம். லீட் பாடகர் தலையை ஆட்டினார். பாடுவது பழையவர்.

பாட்டு பதிவானது 1989 கோடையில். இலையுதிர் காலத்தில் முதல் டெனர் விலகினார். அது சிங்கிளாக (தனிப்பாட்டாக) வெளிவரும்போது குழுவில் அவர் இல்லை. வீடியோ எடுக்க நாள் குறித்தாகிவிட்டது. புதியவர் முன்னவரின் குரலுக்கு உதட்டை அசைத்தார். அதாவது நாங்கள் தெரியாமல் செய்ததன் மறுபக்கத்தை, குழுவே தெரிந்து செய்திருக்கிறது.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எங்களுக்குள் ஒரு வாரம் பேச்சு ஓடியது. எங்கள் சக ஊழியர், இதையும் வெளியிடக் கூடாது, ஏமாற்று ஏமாற்றுதானே என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருவரும் உயிரோடு இருந்தார்கள், இருவருக்கும் தெரியும், அந்த ஆண்டு தொலைக்காட்சியில் மக்கள் பார்த்தது இதைத்தான். மாற்றினால்தான் பொய். டெனரின் மனைவியிடம் கேட்டபோது, படப்பிடிப்புக்கு முதல் நாள் புதியவர் வீட்டுக்கு வந்து, எந்த வரியில் எங்கே மூச்சு எடுப்பது என்று தன் கணவரிடம் கேட்டுப் போனதாகச் சொன்னார். அப்படியே வெளியிட்டோம். விளக்கக் குறிப்பில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன.

உரிமை

டேப் தங்கள் கிடங்கில் இருப்பதால் வீடியோ தங்களுடையது என்று அலுவலகம் நம்பியிருந்தது. பல குழுக்கள் அப்படித்தான் நம்புகின்றன. வீடியோவுக்குப் பணம் போட்டது இசை நிறுவனம்; செலவில் ஒரு பங்கைப் பாடகர்களின் வருமானத்தில் கழித்துக்கொண்டதும் அதுவே. படம், ஒலிப்பதிவு இரண்டும் அந்த நிறுவனத்தின் சொத்து. பாட்டின் சொல்லும் மெட்டும் வேறொரு பதிப்பாளரிடம். 1980-களில் இருந்த அந்த நிறுவனம் இதற்குள் இரண்டு கைமாறிவிட்டது. யாரிடம் கேட்பது என்று தெரிவதற்கே நான்கு மாதம்.

1997 மறுபதிவைப் போட்டால் ஒலிக்கு யாரையும் கேட்க வேண்டாம் என்ற கணக்கும் அலுவலகத்தில் யாருக்காவது இருந்ததா? கேட்டோம். தெளிவான பதில் வரவில்லை. எனக்கு ஓர் ஊகம் உண்டு, அதை இங்கே எழுதுவது சரியாக இருக்காது. எப்படியும், அந்தக் கணக்கு ஒலியைக் காப்பாற்றியிருந்தாலும் படத்தைக் காப்பாற்றியிருக்காது.

இன்றைய நிலை

17 வீடியோக்களில் 12 வெளியாகிவிட்டன, அவற்றில் ஒன்று நெகட்டிவிலிருந்து. நான்கு உரிமைப் பேச்சில் நிற்கின்றன. ஒன்று, அந்தப் பிசுபிசுத்த கேசட், போய்விட்டது. முதலில் இறக்கிய ஆறில் நான்கு மறுபடி ஏறியிருக்கின்றன. பழைய பார்வை எண்ணிக்கையை அவை எட்டவில்லை. கறுப்புப் பட்டை வைத்த படத்தைக் கைபேசியில் பார்க்கப் பலருக்குப் பிடிப்பதில்லை என்று அலுவலகம் அவ்வப்போது நினைவுபடுத்துகிறது.

நாங்கள் மாற்றியவை

ஒலியும் படமும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகினால் இப்போது வேலை நின்றுவிடும். காரணம் தெரியும்வரை யாரும் நீட்டவோ சுருக்கவோ கூடாது. விலகல் சீரற்று இருந்தால், அது வேறு பதிவு என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறோம். கூடத்தில் இருக்கும் விதிகளில் யாரும் மீறாத விதி இது ஒன்றுதான்.

வெளியிலிருந்து வரும் ஒலிக்கோப்புக்குப் பதிவு செய்த ஆண்டும் பாடியவர்களின் பெயரும் எழுத்தில் வேண்டும். ‘ரீமாஸ்டர்’ என்ற சொல்லை லேபிளில் ஏற்பதில்லை.

முகத்தை வரையும் மென்பொருளை எங்கள் கூடத்தில் விட்டுவிட்டோம் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. கூட்டம், நிலப்பரப்பு, எழுத்து இவற்றுக்கு இன்னும் பயன்படுத்துகிறோம். பெயர் தெரிந்த மனிதர் திரையில் இருந்தால் கிடையாது. இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில் எங்கள் மூவருக்கும் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

திரையில் யார், ஒலியில் யார் என்ற இரண்டு பத்தித் தாள் எல்லாக் குரல்குழு வேலைக்கும் முதல் நாளே தொடங்குகிறது. உயிரோடு இருக்கும் மூத்தவர் ஒருவராவது உட்கார்ந்து நிரப்ப வேண்டும். குறைசொல்லி வரும் அழைப்பை எடுப்பவர், சொல்பவரின் வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும், விளக்கம் சேர்க்காமல்.

டெனரின் மனைவி ஒரு பிரதி கேட்டார். யூடியூபில் இருப்பது வேண்டாம், டேப்பில் இருப்பது அப்படியே வேண்டும் என்றார்; வண்ணப்பட்டை, பீப் ஒலி, ஸ்லேட், எல்லாமாக. ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தோம்.